40 வயது கம்ப்யூட்டருக்கு வைஃபை கொடுக்கலாமா?

டெக் திண்ணை

காலையில் போனைத் திறந்தால் ஒரு குட்மார்னிங் படம். ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காபி, கீழே இரண்டு வரித் தத்துவம். அளவு சுமார் 200 கேபி இருக்கும். அதை நாம் முழுசாகப் பார்ப்பதுகூட இல்லை. விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம்.

கமடோர் 64 என்று ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் மொத்த மெமரியே 64 கேபிதான். அந்த ஒரு ரோஜாப்பூவைச் சேர்த்து வைக்க மூன்று கமடோர் போதாது, நான்காவதும் வேண்டும்.

இப்படிப்பட்ட ஒரு பெட்டியை இன்றைய இன்டர்நெட்டோடு இணைக்க முடியுமா? முடியும். உலகம் முழுக்கப் பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். எப்படி என்பதுதான் இந்த வாரத் திண்ணைப் பேச்சு. ‘அதெல்லாம் நமக்கெதுக்கு, நம்ம வீட்டில் ஏது கமடோர்?’ என்று எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் மேஜை டிராயரில் தூங்கும் பழைய போனுக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது.

யார் இந்தக் கமடோர்?

1982 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது கமடோர் 64. விலை 595 டாலர். பார்த்தால் தடிமனான கீபோர்டு மாதிரிதான் இருக்கும். கம்ப்யூட்டர் முழுக்க அந்தக் கீபோர்டுக்குள்தான். தனியாக மானிட்டர் வாங்க வேண்டியதில்லை, வீட்டு டிவியில் செருகினால் போதும். 1994-ல் கம்பெனி திவாலாகும்வரை விற்பனையில் இருந்தது. மொத்தம் எத்தனை விற்றது என்பதில் கணக்குகள் மாறுபடும்; குறைந்தபட்ச மதிப்பீடே ஒரு கோடியைத் தாண்டுகிறது.

ஸ்விட்சைப் போட்டால் நீலத் திரை. அதில் 38,911 பைட் காலி என்று ஒரு வரி, கீழே ‘ரெடி’ என்று ஒரு சொல், சிமிட்டும் ஒரு கட்டம். அவ்வளவுதான். ஐகான் இல்லை, மவுஸ் இல்லை. நாம் ஏதாவது டைப் செய்தால்தான் அது ஏதாவது செய்யும்.

அதன் மூளை, 6510 என்ற 8 பிட் பிராசஸர். வேகம் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ். 4 ஜிபி மெமரி உள்ள சாதாரண போன் உங்கள் கையில் இருந்தால், அது மெமரியில் மட்டும் கமடோரைவிட 65,536 மடங்கு பெரியது.

போன் வயரில் பேசிய காலம்

கமடோரை வெளியுலகத்தோடு இணைப்பது புதிய யோசனை இல்லை. அந்தக் காலத்திலேயே அதற்கு மோடம் இருந்தது. விக்மோடம் என்ற கருவியைக் கமடோர் கம்பெனியே சுமார் 110 டாலருக்கு விற்றது. அதற்குத் தானாக டயல் செய்யத் தெரியாது. நாம்தான் டெலிபோனில் நம்பரைச் சுழற்ற வேண்டும். எதிர்முனையில் ‘கீ...’ என்று சத்தம் கேட்டதும், ரிசீவரின் வயரைக் கழற்றி மோடத்தில் சொருக வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் லைன் போய்விடும்.

வேகம் 300 பாட். நம் கணக்கில் சொன்னால் ஒரு நொடிக்கு 30 எழுத்து. கமடோர் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்து வீதம் 25 வரி, மொத்தம் 1,000 எழுத்து. ஆக, ஒரு திரை நிறைய அரை நிமிடத்துக்குமேல் ஆகும். பஸ் ஸ்டாண்டு பலகையில் எழுத்து ஓடுவதைப் படிப்பதுபோல, வர வரப் படிக்க வேண்டியதுதான். நம் ரோஜாப்பூப் படத்தை அந்த வேகத்தில் அனுப்பியிருந்தால் வந்து சேர இரண்டு மணி நேரம் பிடித்திருக்கும். குட்மார்னிங், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கிடைத்திருக்கும்!

அந்த மோடத்தை வைத்து மக்கள் எங்கே போனார்கள்? புல்லட்டின் போர்டுகளுக்கு. கோயில் வாசல் அறிவிப்புப் பலகையைக் கம்ப்யூட்டரில் வைத்ததுபோல ஓர் ஏற்பாடு. 1978 ஜனவரியில் சிகாகோவில் பெரும் பனிப்புயல். வெளியே போக முடியாத வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூயஸும் சேர்ந்து தொடங்கிய ‘சிபிபிஎஸ்’தான் இந்த வகையில் முதலாவது. ஒருவர் போனில் வந்து செய்தி எழுதிவிட்டுப் போவார். அடுத்தவர் வந்து படித்துப் பதில் எழுதுவார். இன்றைய குரூப்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா.

1985 நவம்பரில் கமடோர்காரர்களுக்காகவே ‘குவாண்டம் லிங்க்’ என்ற சேவை வந்தது. அதை நடத்திய கம்பெனிதான் 1991-ல் ‘அமெரிக்கா ஆன்லைன்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு உலகப் புகழ் பெற்றது. லூகாஸ்ஃபிலிம் கம்பெனி ‘ஹாபிடாட்’ என்ற விளையாட்டை அந்தச் சேவையில் நடத்திப் பார்த்தது. அதில் ஒவ்வொருவருக்கும் திரையில் ஓர் உருவம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அவதார்’. ஆமாம், நம்முடைய அவதாரம்தான். இன்றைக்கு ப்ரொஃபைல் படத்தை ‘அவதார்’ என்று சொல்கிறோமே, அந்த வழக்கம் பரவியதில் இந்தக் குட்டிப் பெட்டிக்கும் பங்கு உண்டு.

டிரைவர், முதலாளியைவிடப் பலசாலி

இப்போது விஷயத்துக்கு வருவோம். வீட்டில் இருப்பது வைஃபை. கமடோருக்குத் தெரிந்தது மோடம். இரண்டுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது ஷாங்காயைச் சேர்ந்த எஸ்ப்ரெஸிஃப் கம்பெனியின் ‘ஈஎஸ்பி8266’ என்ற சிப். 2014 வாக்கில் சந்தைக்கு வந்தது. நகத்தைவிடச் சிறிய சிப். விலையும் மிகக் குறைவு. போனிலிருந்தே அணைக்கிற பல்பு, வைஃபை பிளக் போன்ற பல சாதனங்களின் உள்ளே இருப்பது இது அல்லது இதன் தம்பிகள்தான்.

ஆர்வலர்கள் இந்தச் சிப்பை ஒரு பலகையில் பொருத்தி, கமடோரின் பின்பக்கத்தில் உள்ள ‘யூசர் போர்ட்’டில் செருகும்படி செய்தார்கள். சிப்பில் ஒரு சின்ன நாடகம் நடக்கிறது. கமடோர் பக்கம் திரும்பி ‘நான் பழைய மோடம்’ என்கிறது. ரவுட்டர் பக்கம் திரும்பி ‘நான் ஒரு வைஃபை கருவி’ என்கிறது. இரண்டு பேரும் நம்பிவிடுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தச் சிப்பின் வேகம் 80 மெகாஹெர்ட்ஸ், அதுவும் 32 பிட். கம்ப்யூட்டரின் வேகமோ 1 மெகாஹெர்ட்ஸ், 8 பிட். மாட்டுவண்டிக்கு முன்னால் லாரியைக் கட்டியதுபோல, துணைக்கு வந்தது அசலைவிடப் பலமடங்கு பலசாலி!

மோடத்துக்குக் கொடுக்கும் கட்டளைகளும் பழையவையே. 1981-ல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தின் மொழி அது. ஒவ்வொரு கட்டளையும் ‘ஏ, டி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும். ‘அட்டென்ஷன்’ என்பதன் சுருக்கம். பள்ளியில் டிரில் மாஸ்டர் சொல்வாரே, அதே சொல். பிறகு டயல், டோன் என்பதற்கான எழுத்துகள், அதன்பின் டெலிபோன் நம்பர். இப்போது நம்பருக்குப் பதில் இணைய முகவரியை எழுதுகிறார்கள். மற்றபடி ஒரு எழுத்தும் மாறவில்லை. இந்த மொழிக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. இன்றைய செல்போன்களின் ரேடியோ பகுதிகளும் இதே குடும்பத்துக் கட்டளைகளைப் புரிந்துகொள்கின்றன.

செய்முறை: நிதானம் அவசியம்

பரணிலோ வெளிநாட்டு உறவினர் வீட்டிலோ ஒரு கமடோர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, ஸ்விட்சைப் போடாமல் இருப்பது!

* பவர் சப்ளை: கமடோரின் பழைய கறுப்பு அடாப்டர் பேர்போன வில்லன். வயதானால் 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் அதிகமாகத் தள்ளிவிடும். மெமரி சிப்கள் எரிந்துபோகும். புதிதாகத் தயாரிக்கப்பட்ட அடாப்டர் வாங்குவதே நல்லது. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

* அணைத்துவிட்டுச் செருகுங்கள்: யூஎஸ்பி மாதிரி ஓடும்போதே செருகும் பழக்கம் இதற்கு ஆகாது. யூசர் போர்ட்டில் எதைச் செருகுவதாக இருந்தாலும் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான். இல்லாவிட்டால் உள்ளே உள்ள சிப் போய்விடும்.

* சாஃப்ட்வேர்: மோடத்தோடு பேச ‘டெர்மினல்’ புரோகிராம் வேண்டும். சிசிஜிஎம்எஸ் என்பது பிரபலமானது. பழைய பிளாப்பி டிரைவ் இல்லையென்றால், எஸ்டி கார்டைப் பிளாப்பி டிரைவ்போல நடிக்கவைக்கும் ‘எஸ்டி2ஐஇசி’ கருவியில் போட்டு ஏற்றலாம்.

* வைஃபை: அந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வைத்திருந்தால், வைஃபையே இல்லை என்று சாதிக்கும்.

* வேகம்: ஆரம்பத்தில் 1,200 பாட் போதும். யூசர் போர்ட்டில் வரும் ஒவ்வொரு பிட்டையும் பிராசஸரே எண்ணிக்கொண்டிருக்கிறது. அவசரப்படுத்தினால் எழுத்துகள் சிதறும். ஆர்வலர்கள் பின்னாளில் வயரிங்கை மாற்றி 9,600 வரை கொண்டுபோனார்கள்.

எல்லாம் சரியாக அமைந்தால், நீலத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழும். இன்றும் இன்டர்நெட் வழியாக நடத்தப்படும் புல்லட்டின் போர்டுகள் இருக்கின்றன. அங்கே போய்ச் செய்தி படிக்கலாம், எழுதலாம், விளையாடலாம்.

ஓர் எச்சரிக்கை. இந்த வழியில் போகும் எதுவும் பூட்டுப் போடப்படாத தபால் கார்டு மாதிரி. நடுவில் இருப்பவர்கள் படிக்கலாம். ஆகவே, வேறு எங்கும் பயன்படுத்தும் பாஸ்வேர்டை இதில் டைப் செய்யவே கூடாது.

வாசலில் நிற்கும் காவலாளி

புல்லட்டின் போர்டு சரி. சாதாரண வெப்சைட்டைத் திறக்க முடியுமா? இங்கேதான் சிக்கல்.

வெப்சைட் முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் பார்த்திருப்பீர்கள். உங்கள் போனும் வெப்சைட்டும் பேசத் தொடங்கும் முன் ரகசியச் சாவியைப் பரிமாறிக்கொள்கின்றன. அதற்குப் பெரிய பெரிய எண்களை வைத்துக் கணக்குப் போட வேண்டும். உங்கள் போன் அதைக் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். கமடோரோ ஒரே நேரத்தில் 255-க்கு மேற்பட்ட எண்ணைக் கையாளத் தெரியாத 8 பிட் பிராசஸர். அது பெருக்கலைக்கூடக் கூட்டிக் கூட்டித்தான் செய்யும். அது பாதிக் கணக்கைப் போடுவதற்குள் எதிர்முனை காத்திருந்து அலுத்துப்போய்க் கதவைச் சாத்திவிடும்.

ஒரு காலத்தில் வங்கி, கடை போன்ற தளங்களில் மட்டும்தான் இந்தப் பூட்டு. 2018 ஜூலையில் கூகுள் குரோம், பூட்டில்லாத எல்லாத் தளங்களையும் ‘பாதுகாப்பற்றது’ என்று குறிக்கத் தொடங்கியது. இன்றைக்குப் பூட்டில்லாத தளத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது நல்லதற்குத்தான். ரயில்வே ஸ்டேஷன் இலவச வைஃபையில் நாம் அனுப்புவதைப் பக்கத்து பெஞ்சுக்காரர் படிக்க முடியாமல் இருப்பது இந்தப் பூட்டால்தான். ஆனால், பூட்டைத் திறக்கும் கைவலு இல்லாத பழைய கருவிகள் எல்லாம் தெருவில் நின்றுவிட்டன.

இதற்கும் வழி கண்டார்கள். நடுவில் ஓர் உதவியாளரை வைப்பது. பூட்டைத் திறந்து, படங்களையும் விளம்பரங்களையும் உரித்து, வெறும் எழுத்தை மட்டும் கமடோருக்குக் கொடுக்கும் கம்ப்யூட்டர் அது. ‘ஃபிராக்ஃபைண்ட்’ என்ற தேடுதளம் பழைய கம்ப்யூட்டர்களுக்காகவே இப்படி உரித்துக் கொடுக்கிறது. பலாப்பழத்தை வெட்டிச் சுளையை மட்டும் தட்டில் வைப்பதுபோல.

ஸ்வீடன்காரரின் தெப்பம்

சிப்பெல்லாம் வேண்டாம், கமடோரே நேரடியாக இன்டர்நெட் பேச வேண்டும் என்று நினைத்தவர் ஒருவர் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த ஆடம் டன்கல்ஸ். 2003-ல் அவர் வெளியிட்ட ‘கான்டிகி’ என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஈதர்நெட் கார்டு செருகிய கமடோரில் ஓடியது. அதில் ஜன்னல் ஜன்னலாகத் திரை, ஒரு குட்டி வெப் பிரவுசர், எல்லாம் அந்த 64 கேபிக்குள்ளே. 1947-ல் தோர் ஹெயர்டால் பசிபிக் கடலைக் கடந்த ‘கோன்-டிகி’ என்ற தெப்பத்தின் நினைவாக வைத்த பெயர் அது. கப்பல் போகும் கடலில் கட்டைகளைக் கட்டிக்கொண்டு போன தெப்பம், பொருத்தமான பெயர்தான்.

‘செத்துப்போன கம்ப்யூட்டருக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?’ என்று கேட்கத் தோன்றும். அடுத்து நடந்ததைப் பாருங்கள். சின்ன மெமரியில் இன்டர்நெட் பேசும் அந்தக் கலை, சென்சார், தெருவிளக்கு, மீட்டர் போன்ற குட்டிக் கருவிகளுக்கு அப்படியே பொருந்தியது. கான்டிகி அந்தத் துறையின் முக்கியமான சிஸ்டங்களில் ஒன்றாகிவிட்டது. டன்கல்ஸ் எழுதிய இன்னொரு சிறிய புரோகிராமின் பெயர் ‘எல்டபிள்யூஐபி’. மேலே சொன்ன ஈஎஸ்பி8266 சிப் இன்டர்நெட்டோடு பேசுவது அதன் உதவியால்தான்.

உங்கள் வீட்டு வைஃபை பல்பு ரவுட்டரோடு பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சில் அவர் கைவண்ணம் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. குறைந்த இடத்தில் குடித்தனம் நடத்தக் கற்றவர்களின் சாமர்த்தியம் என்றைக்கும் வீண் போவதில்லை.

கமடோருக்குத் தமிழ் வருமா?

கமடோரின் எழுத்துப் பெட்டியில் 256 இடங்கள். தமிழில் எழுத்துகள் 247. ‘அடடே, கச்சிதம்!’ என்று சந்தோஷப்பட வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் கிடைப்பது 8-க்கு 8 புள்ளிக் கட்டம். அதில் ஆங்கில ‘ஐ’ நிம்மதியாகப் படுத்துத் தூங்கும். நம் ‘ணௌ’ நுழையவே நுழையாது. அதோடு எண், முற்றுப்புள்ளி, கிரந்த எழுத்து எல்லாம் வேண்டுமே. எழுத்தைத் துண்டு துண்டாக வரைந்து, கொம்பு தனி, கால் தனி என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் வைத்தால்தான் ஒப்பேறும்.

இன்டர்நெட்டில் வரும் தமிழுக்கு இன்னொரு வேறுபாடு. யூனிகோடு முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். ‘கொ’ என்ற ஒரே எழுத்து, க-வுக்கு மூன்று, குறிக்கு மூன்று என ஆறு பைட் பிடிக்கும். போனில் நமக்கு அது தெரிவதே இல்லை. 64 கேபி வீட்டில் அது பெரிய விருந்தாளி.

நம் ஊர் அலமாரியில்...

இந்தியப் பள்ளிகளுக்கு அந்தக் காலத்தில் வந்தது கமடோர் இல்லை, பிபிசி மைக்ரோ. 1984-ல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில், இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி தயாரித்த அந்தக் கம்ப்யூட்டர்தான் பள்ளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் வரிசையாகப் போய்த் தொட்டுப் பார்த்த தலைமுறை ஒன்று இப்போது 50-ஐத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அதன் பின்புறத்தில் சீரியல் போர்ட் உண்டு. அதனால், அதற்கும் இதே வகை வைஃபை மோடம் பொருத்தலாம். இன்னொரு சொந்தமும் இருக்கிறது. ஏகார்ன் கம்பெனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த ‘ஆர்ம்’ பிராசஸர் 1985 ஏப்ரலில் முதன்முதலாக உயிர்பெற்றபோது, அதை இணைத்துச் சோதித்துப் பார்த்தது ஒரு பிபிசி மைக்ரோவில்தான். இப்போது நீங்கள் இதைப் படிக்கும் போனுக்குள் இருப்பது அந்த ஆர்ம் வம்சத்து வாரிசாகத்தான் இருக்கும்.

டிராயரில் தூங்கும் போன்

40 வயது பெட்டியே வேலை செய்யும்போது, 10 வயது போன் ஏன் வெப்சைட்டைத் திறக்க மறுக்கிறது? கைவலு இல்லாததால் அல்ல. அந்தப் போனால் கணக்கைப் போட முடியும். அதனிடம் இருக்கும் ‘யாரை நம்பலாம்’ என்ற பட்டியல்தான் பழசாகிவிட்டது.

‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற அமைப்பு, ஏராளமான தளங்களுக்கு இலவசமாகப் பூட்டு வழங்குகிறது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களின் நம்பிக்கைப் பட்டியலில் அந்த அமைப்பின் சொந்தச் சான்றிதழ் இல்லை. வேறு வழியில் கொஞ்ச காலம் ஒப்பேற்றினார்கள். அந்த ஏற்பாடும் 2024-ல் முடிந்துவிட்டது. போன் கெட்டுப்போகவில்லை, அதன் முகவரிப் புத்தகத்தைப் புதுப்பித்துக் கொடுக்க ஆள் இல்லை. அவ்வளவுதான்.

எனவே, பழைய போனைக் காயலான் கடைக்குப் போடும் முன் இந்த மூன்றையும் பாருங்கள்.

1. தேதியைப் பாருங்கள். பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த போனின் கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருக்கும். சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. தேதி தப்பாக இருந்தால் எந்தத் தளமும் திறக்காது. சரிசெய்தால் பாதிப் பிரச்னை அங்கேயே தீரலாம்.

2. பணம் வேண்டாம். செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன போனில் வங்கி ஆப், யுபிஐ, முக்கியமான மெயில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி.

3. வேறு வேலை கொடுங்கள். பாட்டியின் பக்திப் பாடல் பெட்டி, சமையலறை டைமர், குழந்தைக்கு அகராதி, பழைய போட்டோ ஆல்பம். இவற்றில் பலவற்றுக்கு இன்டர்நெட்டே தேவையில்லை. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் எந்த வேலையும் கொடுக்காமல், உடனே இ-வேஸ்ட் சேகரிப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கமடோரை இன்டர்நெட்டில் ஏற்றுகிறவர்கள் அதில் சினிமா டிக்கெட் புக் செய்யப்போவதில்லை. ஒரு கருவி ‘முடிந்துபோனது’ என்று யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் கையால் ஒரு பதில் சொல்கிறார்கள். பாகங்கள் தேய்ந்து முடிவது ஒன்று. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் முடிவது வேறு. முதலாவதைவிட இரண்டாவதுதான் நம் வீடுகளில் அதிகம். அடுத்த போன் வாங்கும்போது கேமராவில் எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பதோடு, எத்தனை வருஷம் அப்டேட் கொடுப்பார்கள் என்றும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போனின் ஆயுள் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.